வளவில் ஒரு நாற்காலி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் ஓடு மாற்றும் வேலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தேன். இரண்டாம் மாடி, இரண்டே அறை, பால்கனிக்குக் கீழே பஸ் போகும் சாலை. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, சென்ற ஆவணியில், தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போகிறார்.

வீடு என் கணவரின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, தரைக்கு ஆத்தங்குடிக் கல் எல்லாம் உண்டு. இப்போது பதினான்கு புள்ளிக்குப் பங்கு; கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. அறைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. நானும் மாமியாரும் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஏசி வைத்த ஓர் அறையில் இருக்கிறோம். முகப்புக் கதவை விசேஷங்களுக்குத்தான் திறப்பது. போக வர எல்லாம் பின்வாசல்.

மத்தியானம் மூன்று மணியானால் நெஞ்சு கனத்துவிடுகிறது. காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் வந்திருந்த இரண்டு நாள் நன்றாக இருந்தேன். அவர்கள் கிளம்பிய மறுநாள் பழையபடி ஆகிவிட்டேன். வீட்டைப் படம் எடுக்க வருகிறவர்கள், “இந்த வீட்டில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்கிறார்கள். எனக்கோ அந்த இரண்டு அறை வீடு கனவில் வருகிறது. இவ்வளவு பெரிய வீட்டில் இருந்துகொண்டு முகம் வாடுவது நன்றிகெட்டதனம் இல்லையா? குறை வீட்டிலா, என் மனதிலா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள ஆச்சி,

ஆச்சி என்றே அழைக்கிறேன். என் அப்பா தன் எழுபதாவது வயதிலும் உங்கள் நகரத்தார் வீட்டுப் பெண்களை, வயதில் எவ்வளவு சிறியவர்களானாலும், அப்படித்தான் அழைத்தார். எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை.

நன்றிகெட்டதனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள் மேல் இல்லை. வீட்டைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் காரில் ஏறிவிடுகிறவர்கள் உங்கள் தலையில் ஏற்றி வைத்துவிட்டுப் போன சுமை அது. அவர்கள் தூணைப் பார்க்கிறார்கள். நீங்கள் மாதக்கணக்கில் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் பால் காய்ச்சுகிறீர்கள். எவ்வளவு அழகான தூணானாலும் சில வாரங்களில் கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும். இருட்டும் புழுக்கமும் ஆளில்லாமையும் அப்படி மறைவதில்லை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் ஏறியது வீடு. அதற்குள் மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்பது நீங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, இரண்டாம் கட்டில் ஏசி வைத்த அறை என்ற ஒரு வரி. அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் அப்பா கொத்தனார். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓடு மாற்றவும் சுண்ணாம்புப் பூச்சு பார்க்கவும் அவரைத் தேடி வருவார்கள். பள்ளி விடுமுறையில் என்னையும் கூரைக்கு ஏற்றிவிடுவார், ஓடு எடுத்துக் கொடுக்க. கூரை மேலிருந்து நான் பார்த்த வீடுகள் தெருவிலிருந்து தெரிகிற வீடுகளே இல்லை. தெருவில் நின்றால் கோபுரமும் சிலையும் நிலைக்கதவும் தெரியும். மேலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் ஓடு சரிந்து இறங்க, நடுவில் ஒரு சதுரம் திறந்திருக்கும். அந்தச் சதுரத்தைச் சுற்றித்தான் எல்லா ஆட்களும் இருந்தார்கள். ஒரு ஆச்சி அரிசி புடைப்பார், இன்னொருவர் வற்றல் பிழிவார், ஒரு பெண் தலை உலர்த்துவாள், குழந்தை தவழும், யாராவது ஒரு செட்டியார் கணக்கு நோட்டை விரித்திருப்பார். அறைக்குள் இருந்து மனிதர் வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். “அறைக்குள் யாருமே இல்லையா அப்பா?” என்று ஒருமுறை கேட்டேன். “அறை சாமானுக்கு, வளவு மனிதர்களுக்கு” என்றார். அந்தத் திறந்த சதுரமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்தான் வளவு.

ஆச்சி, அந்த அறைகள் பெரும்பாலும் பாத்திரத்தையும் பட்டுத்துணியையும் சீரையும் வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டியவை. சன்னல் சிறிது, சுவர் தடிமன், கதவு கனம். பொருளைக் காப்பதற்கு அது சரி. படுக்கை, பேச்சு, சாப்பாடு, சண்டை எல்லாம் பெரும்பாலும் வளவில்தான் நடந்தன. இன்று நாம் அந்தக் களஞ்சியத்தில் ஏசியை மாட்டி, கதவைச் சாத்தி, அதில் மனிதர்களைக் குடிவைத்திருக்கிறோம். நீங்கள் இத்தனை மாதமாகப் பெட்டகத்துக்குள் வாழ்கிறீர்கள்.

அதன் விளைவு உடம்பில் தெரியும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். டியூப்லைட் போட்ட அறையில் அது சுமார் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண்ணுக்குள் பார்வைக்கான செல்களோடு, இது பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காலை வெளிச்சம் போதிய அளவு கிடைக்கவில்லை என்றால் தூக்கம் இடம் மாறலாம், பசி மாறலாம், காரணம் தெரியாமல் மனம் தொய்யலாம். சென்னை வீட்டில் பால்கனியில் துணி உலர்த்தப் போனபோதெல்லாம் உங்களை அறியாமலே அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருந்தீர்கள். கீழே பஸ் நின்றது, யாரோ ஓடி ஏறினார்கள், காய்கறி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிறிய வீட்டில் இருந்தீர்கள் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் ஒரு தெருவோடு சேர்த்துக் குடியிருந்தீர்கள்.

எனக்கும் இது நடந்தது. முப்பத்தைந்து வயதில் மதுரையில் குடியிருந்த வீட்டில் நான் எழுதும் மேசைக்கு எதிரே சன்னல், சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். மூன்று ஆண்டுகள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுதினேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். என் சுபாவமே இப்படித் திரிந்துவிட்டது என்று நம்பினேன். பிறகு அதே தெருவில் ஒரு மாடிக்கு மாறினோம், வாசலில் வேப்பமரம் உள்ள வீடு. சம்பளம் அதேதான், கடனும் அதேதான். ஒரு மாதம் கழித்து என் மனைவி சொன்னாள்: “இப்போதுதான் சாப்பிடும்போது பேசுகிறீர்கள்.” அந்த மூன்று ஆண்டுகளையும் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பல ஆண்டுகள் கழித்து ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 1984-இல் வந்த கட்டுரை அது. படித்த அன்று என் மதுரைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் மாமியாரையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். எலும்பு கூட வேண்டிய ஒருவர் நாள் முழுவதும் எதைப் பார்த்துப் படுத்திருக்கிறார்?

அடுத்தது ஆள். நோன்பு நாளில் நன்றாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அது தற்செயல் இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்து ‘வேறு வைக்கும்’ வழக்கம் உங்களுடையது. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கூரைக்கடியில் எத்தனை புள்ளியோ அத்தனை அடுப்பு. தனியாகச் சமைக்கலாம், ஆனால் தனியாக இருக்க முடியாது. அதாவது உங்கள் வீடு ஒரு சிறிய தெரு. பதினான்கு அடுப்பு எரிய வேண்டிய தெருவில் இப்போது ஒன்றுதான் எரிகிறது. அங்கே மூன்று மணிக்கு நெஞ்சு கனக்காமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

பூட்டிய அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் குடும்பங்களிடையே செய்யப்பட்ட ஓர் ஆய்வில், தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது ‘இது அடைசல், அது இன்னும் முடியவில்லை’ என்று பேசிய பெண்களுக்குப் பொழுது ஏற ஏற மனச்சோர்வு கூடியது தெரிந்தது. மாலையில் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற சுரப்பும் அவர்களுக்குச் சரியாக இறங்கவில்லை. உங்கள் நிலைமை அதைவிடக் கடினம். கண்ணெதிரே இருக்கும் அடைசலில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை; பதினான்கு பேரைக் கேட்க வேண்டும். ஆகவே மொத்த வீட்டையும் சீராக்கும் எண்ணத்தைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். அது ஒருவர் முதுகு தாங்குகிற வேலை இல்லை.

செய்யக்கூடியது வளவு. பங்காளிகளிடம் வளவைப் புழங்கிக்கொள்ள மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து விடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, வெயிலில் உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. கால்பட்டுப் புழங்கத்தான் அதில் மினுக்கு ஏறும். பூட்டிய அறையில் மங்கிக் கிடப்பதும் நடக்கிற இடத்தில் மின்னுவதும் ஒரே கல்தான். சுவர்ப் பூச்சையும் கவனியுங்கள். முற்றத்து வெளிச்சத்தை உள்ளே ஏந்திக் கொடுக்கும் அளவுக்கு அதை அத்தனை வழவழப்பாகத் தேய்த்தார்கள். அப்பா ஒரு சுவர் முடித்ததும் தன் முகம் அதில் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

முகப்புக் கதவு. திருட்டுப் பயம் நியாயமானது, அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் வேலைக்கு வருகிற அம்மாவோ வேறு யாரோ உடனிருக்கும் நேரத்தில், தினம் ஒரு மணி நேரமாவது முகப்பையும் பின்வாசலையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். இந்த வீடுகளை ஒரே நேர்கோட்டில் கட்டியிருக்கிறார்கள். முன்வாசலில் நின்றால் கட்டு கட்டாகத் தாண்டிப் பின்தெரு வரை கண் போகும். அந்தக் கோட்டில்தான் காற்றும் போகும். முன்கதவைப் பூட்டினால் காற்றுக்கும் வழி இல்லை, உங்கள் கண்ணுக்கும் வழி இல்லை. மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காருங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. போகிறவர் “என்ன ஆச்சி, மாமியாருக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போகட்டும். பத்து நாளில் யார் எப்போது போவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது மூன்று மணிக்குக் காத்திருக்க ஐந்து மணி என்று ஒன்று இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இடம் மாற்றினால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை. கணவர் அருகில் இல்லை, நோயாளியைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது, இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கங்களை விட்டு வந்திருக்கிறீர்கள். இதில் எதையும் வெயில் துடைத்துவிடாது. வளவுக்கு மாறி மூன்று வாரம் கழித்தும் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேசத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். கணவரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மூன்று மணி எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது மார்கழி. சூரியன் தெற்கே சாய்ந்து வருகிறது. ஆகவே காலை ஒன்பது மணி வாக்கில் வெயில் முற்றத்தின் வடமேற்கு மூலையில் விழும், நேரம் ஆக ஆக வடக்குத் தாழ்வாரத்தை ஒட்டி நகரும். மாமியாரின் நாற்காலியை முதலில் அங்கே போடுங்கள், பக்கத்தில் உங்களுடையதை. காய் நறுக்குவதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்தால் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அப்போது எந்தப் பக்கத் தாழ்வாரத்திலும் நிழல் இருக்கும், உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

வெயில் எந்தத் தூண் வரை வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் நானும் ஓடு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்த வீடுகளில் ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அன்புடன்.