ஞாயிறு ஷிப்ட்டால சர்ச்சுக்கு போக முடியலன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஓஎம்ஆர் ஆபீஸ்ல ஞாயிறு ஷிப்ட் போட்டு மூணு மாசமா ஆராதனைக்கே போகல, டீம் லீட் கிட்ட கேக்க பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. பைபிள்ல தானியேல் 1ஆம் அதிகாரம் ஒரு தடவ படிங்க, ராஜா சாப்பாடு வேணாம்னு தானியேல் சண்ட போடல, 10 நாள் சோதிச்சு பாருங்கன்னு பணிவாத்தான் கேட்டாரு. நீங்களும் தீபாவளி, பொங்கலுக்கு நான் ஷிப்ட் பாக்குறேன், ஞாயிறு காலைல மட்டும் மாத்தி குடுங்க, ஒரு மாசம் பாருங்கன்னு கேளுங்க. நான் அப்படி கேட்டப்போ எங்க டீம்ல மொதல்ல சரின்னவரு ஒரு முருக பக்தர், ஆடிக்கிருத்திகைக்கு அவரு திருத்தணி போனப்போ அவரு சீட்ல நான் உக்காந்தேன். நீங்க கத்தோலிக்கர்னா சனிக்கிழமை சாயந்தர திருப்பலியே ஞாயிறு கடமைக்கு போதும், பக்கத்து சர்ச்சுல நேரம் விசாரிங்க. திங்கட்கிழமையே கேட்டுடுங்க தம்பி, நான் ஜெபிக்கிறேன்.