எம்.பி.எச். படிக்க வெளிநாடு: இப்போதே போவதா, ஓராண்டு பொறுப்பதா?

கேள்வி: பல் மருத்துவம் முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் காசநோய்த் திட்டத்தில் ஓராண்டாகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) படிக்க ஆசை. பிரிட்டன் நல்லதா, அமெரிக்காவா? வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: எம்.பி.எச். பட்டம் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமத்தைத் தராது. அங்கே பல் மருத்துவராக வேலை பார்க்க வேண்டுமானால் அதற்கான தேர்வுகள் வேறு. ‘படித்து முடித்ததும் மருத்துவமனையில் வேலை’ என்று ஆசை காட்டும் ஏஜென்ட்டிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

நாட்டைவிடப் பாடத்திட்டம் முக்கியம். அமெரிக்காவில் படிப்புக்குப் பின் வேலை பார்க்க 12 மாத அனுமதி உண்டு. நோய்ப்பரவியல், உயிரிப் புள்ளியியல் போன்றவை அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் வகைப்படுத்தப்பட்டிருந்தால் மேலும் 24 மாதங்கள் நீட்டிக்கலாம். பொதுவான எம்.பி.எச். பெரும்பாலும் அந்தப் பிரிவில் வராது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இதற்கான குறியீட்டு எண் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டனில் படிப்பு ஓராண்டுதான் என்பதால் செலவு குறையும். ஆனால் 2024 ஜனவரி முதல், பாடவழி (ஆய்வுப் படிப்பு அல்லாத) முதுநிலை மாணவர்கள் கணவரையோ குழந்தைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் போன்ற இடங்களில் பட்டத்தின் பெயர் எம்.எஸ்சி. என்றிருக்கும். அதனால் மதிப்பு குறைந்துவிடாது.

அடமானம் வேண்டாம் என்பதே என் கருத்து. பொதுச் சுகாதாரத் துறையின் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். இன்னும் ஓராண்டு இதே வேலையில் இருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் தேவை. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அதிலேயே அடங்கும். படித்தபின் இரண்டு ஆண்டுகள் தாயகத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகையும் இரண்டு ஆண்டு அனுபவத்தைக் கேட்கிறது.

அந்த ஓராண்டை வீணாக்காதீர்கள். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவுத் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதைப் பலர் வெறும் எழுத்தர் வேலையாக நினைக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு அதுதான் மூலதனம். ஆறு மாத மருந்தை யார் இடையில் நிறுத்துகிறார்கள், எந்த மாதத்தில், வேலை தேடி வெளியூர் போனதாலா, குடிப்பழக்கத்தாலா? மேலதிகாரியின் அனுமதியுடன், பெயர்களை நீக்கிவிட்டு, இதை அலசிப் பாருங்கள். ‘மக்களுக்குச் சேவை செய்யச் சிறு வயதிலிருந்தே ஆசை’ என்று தொடங்கும் நோக்க அறிக்கையை எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் பகுதியின் கேள்வி ஒன்றை நீங்கள்தான் எழுத முடியும்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்தில் உள்ள அச்சுத மேனன் மையத்தின் எம்.பி.எச். படிப்பையும் பாருங்கள். பல் மருத்துவர்களும் அங்கே படித்திருக்கிறார்கள்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இப்போது எழுத வேண்டாம். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதினால் போதும்.