சிவப்பு தெரிஞ்சா டோர்னாடோவா?

கேள்வி: என்ட மகள் கல்யாணம் முடிச்சு அமெரிக்கால ஒக்லஹோமா சிட்டிக்குப் பக்கத்துல மூர் எண்ட ஊர்ல இருக்கிறா. மே மாசம் வந்தா எனக்கு நித்திரையே இல்ல, போன்ல மழை ரேடாரைப் போட்டு விடிய விடிய பாத்துக்கொண்டிருப்பன், அவட ஊருக்கு மேல சிவப்பு வந்தா உடனே கோல் எடுப்பன், "அம்மா இது வெறும் மழை" எண்டு ஏசுறா. சிவப்பு எண்டா டோர்னாடோ இல்லையா? இதே ஆப்பைப் பாத்து என்ட தம்பி இங்க கடலுக்குப் போகலாமா?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: மகள் சொல்றது சரி அக்கா. சிவப்பு எண்டா பலத்த மழை. ரேடார் அலை மழைத்துளியிலயும் ஆலங்கட்டியிலயும் பட்டுத் திரும்புறதத்தான் அந்தக் கலர் காட்டுது. நீங்க பாக்க வேண்டியது மழைத்திட்டுட தென்மேற்கு மூலையில தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு ஒரு வால் வருதா எண்டத. ஆப்ல வெலோசிட்டி எண்டு இன்னொரு படம் இருந்தா அதையும் அமத்திப் பாருங்க, அதுல பச்சை எண்டா ரேடார் பக்கம் வாற காத்து, சிவப்பு எண்டா விலகிப் போறது, ரெண்டும் ஒட்டிக்கொண்டு நிண்டா அங்க காத்து சுழலுது, அதுவும் முகிலுக்குள்ள, நிலத்தைத் தொட்டு டோர்னாடோ ஆயிட்டுது எண்டு இல்ல.

அங்க பின்னேரம் 4 மணி எண்டா இங்க விடியப்புறம் 2.30, டோர்னாடோ கூடுதலா வாறதும் பின்னேரத்துலதான், பிறகெப்பிடி நித்திரை வரும்!

ஆனா ஒண்டு, நீங்க பாக்கிற படம் பழசு. ரேடார் மேலயும் கீழயும் சுத்தி முடிக்க 4, 5 நிமிசம், ஆப்புக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம். 2013 மே 20ல மூர்ல 24 பேரைப் பலியெடுத்த டோர்னாடோவுக்கு எச்சரிக்கை குடுத்தது பின்னேரம் 2.40க்கு, அது நிலத்தைத் தொட்டது 2.56க்கு. வெறும் 16 நிமிசம். சூறாவளி அப்பிடி இல்ல, புரெவிச் சூறாவளி 2020 டிசம்பர் 2 ராத்திரி எங்கட பக்கம் கரையேறினப்போ நாங்க முதலே சாமான் சக்கட்டு வாங்கி வச்சிட்டு இருந்தம். நம்ம பேப்பர்காரர் டோர்னாடோவை 'மினி சூறாவளி' எண்டு எழுதி எழுதி ரெண்டையும் அண்ணன் தம்பி ஆக்கிட்டாங்க, எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கிறேல்ல.

அங்க புயல்முகில் பெரும்பாலும் தென்மேற்கால இருந்து வடகிழக்குக்குப் போகும். அதால ஒரு மணித்தியாலம் முன்னுக்கே மூருக்குத் தென்மேற்கால என்ன நிக்குது எண்டு பாருங்க, இருந்தா மெசேஜ் ஒண்டு போடுங்க. எச்சரிக்கை வந்த பிறகு தயவுசெய்து கோல் எடுக்காதீங்க, அந்த நேரம் பிள்ளை கீழ்மாடியில ஜன்னல் இல்லாத நடு அறைக்கு ஓட வேணும், அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்க ஏலாது.

தம்பிட கதை வேற. சில பெடியன்கள் காரைக்கால் ரேடாரைப் பாத்தா காணும் எண்டுவாங்க. அது இங்கயிருந்து 300 கிலோமீட்டர், பூமி வளைவால அதின்ட அடி அலையே திருகோணமலைக்கு மேல கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் உயரத்துலதான் போகும், அதுக்குக் கீழ பெய்யிற மழை அதுக்குத் தெரியாது. ரேடார் எட்டாத இடத்துல கன ஆப் செயற்கைக்கோள் கணிப்பை வச்சுக் கலர் அடிக்குது. போட்டைத் தள்ள முதல் வளிமண்டலவியல் திணைக்களத்துட கடல் அறிவித்தலைக் கேக்கச் சொல்லுங்க.