வேன்லயே சமைச்சு ஊர் சுத்தணும், எந்த சிலிண்டர் அண்ணாச்சி?

இந்த வாரம் வந்த கடுதாசி எல்லாம் ஒரே விஷயத்தச் சுத்தியே இருக்கு, பயணத்துக்கு எடுத்துட்டுப் போற கேஸ் சிலிண்டர். உசிரு சம்பந்தப்பட்டதுங்கதால மத்த கேள்விய எல்லாம் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

அண்ணாச்சி வணக்கம். ரிட்டயர் ஆன காசுல ஒரு பழைய டிராவலர் வேன் வாங்கி உள்ள கட்டில், சிங்க், அடுப்பு மேடை எல்லாம் போட்டுக்கிட்டு இருக்கோம். தை பொறந்ததும் நானும் வீட்டம்மாவும் ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு காசி வரைக்கும் போறதா இருக்கோம். என் தம்பி மவன் இங்கிலாந்துல கேரவான் வச்சிருக்கான், சிலிண்டர பங்க்ல அவனே நெரப்பிக்கிடுவானாம். இங்க ஆட்டோ கேஸ் பங்க்ல அப்படி நெரப்ப முடியுமா? இல்லன்னா பாத்திரக் கடைல தலையில பர்னர் வச்சு சின்ன சிலிண்டர் விக்குதாங்களே, அது போதுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

உங்க தம்பி மவன் சொன்னது நெசந்தான், ஆனா அது அந்த ஊரு நடைமுறை. அங்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கேலர் மாதிரி கம்பெனி சிலிண்டர், காலியக் குடுத்து ஃபுல்ல வாங்குதது, நீலம்னா பியூட்டேன், செவப்புன்னா புரோபேன். அத எடுத்துக்கிட்டு கடல் தாண்டி ஃபிரான்ஸ், ஸ்பெயின்னு போனா அங்க மாத்த முடியாது. அதனால நெறைய சுத்துதவங்க கேஸ்லோ, சேஃப்ஃபில் மாதிரி சொந்த ரீஃபில் சிலிண்டர் வாங்கிக்கிடுவாங்க, அதுல 80 சதவீதம் நெரம்பினதும் தானா அடைச்சுக்கிடுத வால்வு உள்ளயே இருக்கு, அதுதான் அதோட உசுரே. நாட்டுக்கு நாடு பங்க்ல பம்ப் வாய் வேற வேற மாதிரி இருக்கும், அதுக்குன்னு அடாப்டர் தனியா வாங்கணும். மொதல் செலவு ஜாஸ்தி, கேஸ் வெல கம்மி, அதனால வருசம் பூரா ஓடுதவனுக்குத்தான் அது கட்டும், லீவுக்கு மட்டும் போறவனுக்கு மாத்துத சிலிண்டரே போதும். அங்கயும் இப்ப ஆட்டோ கேஸ் பங்க் கொறைஞ்சுகிட்டே வருது, கையில தூக்கிட்டுப் போற சிலிண்டர நெரப்ப பல பங்க்ல விடமாட்டாங்க.

நம்ம நாட்டுல அந்தக் கதையே இல்ல. ஆட்டோ கேஸ் பங்க்ல வண்டி டேங்க்குக்கு மட்டும்தான் அடிக்கலாம், சமையல் சிலிண்டர நீட்டினா சட்டப்படி தப்பு. தப்புங்கத விட ஆபத்து, ஏன்னா நம்ம சிலிண்டர்ல அந்த 80 சதவீதத்துல அடைக்குத வால்வே கிடையாது.

பாத்திரக் கடை சிலிண்டருக்கு வாரேன், இதத்தான் நான் கைய புடிச்சுச் சொல்லணும்னு நெனைக்கேன். வேண்டாம், வாங்காதீங்க. கடைக்காரர் வெளிப்படையா சொல்லாட்டியும் அதுல அடைக்குதது வீட்டு சிலிண்டர தலைகீழா கவுத்து டியூப் மாட்டி இறக்குத கேஸ்தான். எவ்வளவு ஏறிச்சுன்னு யாருக்கும் தெரியாது. பாட்லிங் பிளான்ட்ல எடை போட்டு நெரப்பி மேல கொஞ்சம் காலி எடம் விட்டுத்தான் அனுப்புவாங்க, வெயில்ல உள்ள இருக்க திரவம் விரியும்போது அந்த எடந்தான் காப்பாத்துது. நெஞ்சு முட்ட அடைச்ச சிலிண்டர நாங்குநேரி ரோட்டுல சித்திர வெயில்ல மூடுன வேனுக்குள்ள வச்சா திரவம் விரிய எடமில்லாம இரும்பையே கிழிச்சுரும். அதுல டெஸ்ட் தேதியும் இருக்காது, வால்வும் தரமா இருக்காது.

அப்ப எது? எண்ணெய் கம்பெனியோட 5 கிலோ ஃப்ரீ டிரேடு சிலிண்டர். இண்டேன்ல சோட்டு, ஹெச்பில அப்பு, பாரத் கேஸ்ல மினின்னு கேட்டா குடுப்பாங்க. வீட்டு கனெக்‌ஷன் மாதிரி அட்ரஸ் ப்ரூஃப் கேக்க மாட்டாங்க, ஒரு அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலயும் கம்பெனி பங்க் சிலதுலயும் கெடைக்கும், போற ஊர்ல அதே கம்பெனி ஆள்கிட்ட காலியக் குடுத்து ஃபுல்ல வாங்கிக்கிடலாம். கிலோ கணக்குல பாத்தா வீட்டு கேஸ விட வெல கூடத்தான், இருந்தாலும் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர எடுத்துட்டுப் போனா வழியில அத மாத்த ஒரு நாதி கிடையாது, அது உங்க வீட்டு நம்பரோட கட்டுன புக்கிங். நெறைஞ்சா 30 கிலோ கனம் வேற, இந்த வயசுல ரெண்டு பேரும் அத இறக்கி ஏத்த வேண்டாம். அதனால கம்பெனிய முடிவு பண்ணும்போது உங்களுக்கு எது பழக்கம்னு பாக்காதீங்க, போற வழியில எந்த கம்பெனி ஏஜென்சி பக்கம் பக்கமா இருக்குன்னு மேப்ப வச்சு பாருங்க. ஒண்ணுக்கு ரெண்டா எடுங்க, ஒண்ணு ஓடும்போது ஒண்ணு ரெடியா இருக்கும்.

கண்ணாடி மாதிரி உள்ள கேஸ் தெரியுத காம்போசிட் சிலிண்டரும் வந்திருக்கு, இரும்புல பாதி கனந்தான், துருவும் பிடிக்காது. எனக்கு அது ரொம்பப் புடிக்கும். ஆனா எல்லா ஊர்லயும் ஸ்டாக் இருக்காது, நெடுந்தூரத்துக்கு அத நம்பிப் போகாதீங்க, குற்றாலம் தென்மலன்னு பக்கத்துல சுத்துததுக்கு தாராளமா வச்சுக்கிடலாம்.

வாங்கும்போது கழுத்துப் பட்டையில உள்பக்கம் பாருங்க, ஏ, பி, சி, டின்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் வருசமும் இருக்கும். 'ஏ'ங்கத எழுத்துன்னா ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூணு மாசம். அந்தக் காலாண்டுக்குள்ள அந்த சிலிண்டர மறுபடி டெஸ்டுக்கு அனுப்பணும்னு அர்த்தம், தேதி தாண்டுனத கையால தொடாதீங்க. ரெகுலேட்டரையும் அங்கனயே மாட்டிப் பாத்து சோப்புத் தண்ணி தடவி முட்டை விடுதான்னு பாத்துட்டு வாங்க. டியூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்‌ஷா டியூப்பா இருக்கட்டும், அஞ்சு வருசத்துக்கு மேல ஓட்டாதீங்க.

வேனுக்குள்ள எடம் அமைக்கது ரொம்ப முக்கியம். கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையில தண்ணி மாதிரி தேங்கும். அதனால சிலிண்டருக்கு தனிப் பொட்டி, படுக்குத பக்கத்தோட சேராம, வெளிப்பக்கம் கதவு வச்சு, அடித்தரையில ரோட்டப் பாத்து ஓட்டை விட்டு செய்யச் சொல்லுங்க. கட்டில் வேல பாக்குத ஆசாரி அந்த ஓட்டைய தூசி வரும்னு அடைக்கப் பாப்பாரு, விடாதீங்க. பெல்ட் போட்டு நிமித்தியே கட்டணும். வண்டி ஓடும்போது வால்வ மூடிரணும், ராத்திரி படுக்கும்போதும் அப்படித்தான். வண்டிய மாத்தி அமைக்கதுக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கியாச்சான்னும் பாத்துக்கோங்க.

அண்ணாச்சி, வருசா வருசம் சபரிமலைக்கு எங்க வீட்டு ஆளுக வேன் புடிச்சுப் போவாங்க, பெரிய சிலிண்டர வேன் மேல கேரியர்ல படுக்கப் போட்டு கட்டிருவாங்க. இந்தத் தடவ 5 கிலோ எடுக்கச் சொல்லலாமா, எத்தன நாளு வரும்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

தங்கச்சி, படுக்கப் போடுதத இந்த வருசத்தோட நிறுத்தச் சொல்லும்மா. வால்வு லேசா விட்டா நின்ன சிலிண்டர்ல ஆவிதான் கசியும், படுத்த சிலிண்டர்ல திரவமே வரும், அது ஆவியானா 250 மடங்கு பெருகும். புளியரை மலை வளைவுல கட்டு அவுந்து உருண்டா என்ன ஆகும்னு அவுங்களையே கேளு.

கணக்குக்கு வாரேன். ஒரு பெரிய பர்னர் முழு தீயில எரிஞ்சா மணிக்கு 150, 200 கிராம் போகும், அப்ப 5 கிலோ சுமாரா 25, 30 மணி நேரம். ரெண்டு மூணு பேரு சோறு கொழம்பு காப்பின்னா பத்து நாளைக்கு மேல ஓடும், வேன் நெறைய ஆளுன்னா ரெண்டு மூணு நாளுதான், அப்ப ரெண்டு சிலிண்டர் வேணும். மிச்சம் எவ்வளவுன்னு பாக்க சிலிண்டர் மேலயே காலி எடை எழுதியிருக்கும், தூக்குத் தராசுல மாட்டி அதக் கழிச்சா தெரிஞ்சுரும். தராசு இல்லன்னா ஈரத்துணியால ஒரு தடவ தொடச்சு விடு, கேஸ் இருக்க மட்டத்துக்கு கீழ ஈரம் காய நேரமாகும்.

டிசம்பர்ல ஊட்டி போனோம், காலையில அடுப்பு பூ மாதிரி எரியுது, காப்பி கொதிக்கவே அரை மணி நேரம். சிலிண்டர் பாதி இருக்கே, என்ன காரணம்?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

குளிருதான். நம்ம சமையல் கேஸ்ல பியூட்டேனும் புரோபேனும் கலந்திருக்கு. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலயே ஆவியாயிரும், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரி கிட்ட வந்தாலே சோம்பிப் படுத்துரும். நம்ம ஊர்ல இது ஒரு நாளும் தெரியாது. சிலிண்டர வெறுந்தரையில வைக்காம பலக மேல வைங்க, வெயில் வந்தப்புறம் சமைங்க, சிலிண்டர் நெறைஞ்சு இருந்தா கொஞ்சம் தாக்குப் புடிக்கும். சுடுதண்ணிய ஊத்துதது, பக்கத்துல தீ மூட்டுதது எல்லாம் கூடவே கூடாது. லடாக் பக்கம் போறவங்க இத இன்னும் கவனமா பாக்கணும்.

நாங்க காசிக்கு ரயில்ல தனிப் பெட்டி எடுத்துப் போறோம், சமையல் மாஸ்டரு சின்ன சிலிண்டர் மட்டும் எடுத்துக்கிடலாம்னு சொல்லுதாரு. சரியா?
- வாசகர், வள்ளியூர்

சரியே இல்ல. 2023 ஆகஸ்ட் 26, மதுரையில நடந்தத மறந்திருக்க மாட்டீங்க. லக்னோவுலருந்து வந்த சுற்றுலாப் பெட்டி, நாகர்கோவில்லருந்து நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் வழியாத்தான் மதுரைக்குப் போச்சு. அங்க நின்னுக்கிட்டு இருக்கும்போது அதிகாலையில உள்ள ஒளிச்சு வச்சிருந்த சிலிண்டர்ல டீ போட்டதா சொன்னாங்க, பெட்டி தீப்புடிச்சு ஒம்பது பேர் போயிட்டாங்க, கோயில் கும்புட வந்த சனம். பெட்டி உங்க பேர்ல புக் பண்ணினது தான்னாலும் 5 கிலோ ஆகட்டும் கையடக்கக் கேன் ஆகட்டும் ரயில்ல ஏத்தக்கூடாது, ரயில்வே சட்டத்துல மூணு வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. மாஸ்டரு கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். புளியோதரை, எலுமிச்ச சோறு, இட்லிப் பொடி தடவுன இட்லின்னு மொத ரெண்டு வேளைக்கு கட்டிக்கோங்க, மத்தத ரயில் சாப்பாட்டுல பாத்துக்கிடலாம். காசியில எறங்கினதும் சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்க ஏஜென்சில அடையாள அட்டையக் காட்டி 5 கிலோ எடுங்க, கெளம்புத அன்னைக்கு அங்கயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க. தங்குத எடத்துல கேஸ் நாத்தம் வந்தா சுவிட்ச தொடாம சன்னல் கதவத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்கு போன் போடுங்க, எந்த ஊர்லயும் அதே நம்பர்தான்.