சீல் இல்லாத என்ஜினுக்கு என்ன சீல்?

கேள்வி: அப்பா தொடங்கிய மா அரைக்கும் மில்லை இப்போது நான் நடத்துகிறேன். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரத்தில், மூலையில் கிடந்த பழைய லிஸ்டர் 6/1 என்ஜினை மறுபடி ஓட வைத்தோம். கரண்ட் போனால் இன்றைக்கும் அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் இரண்டு பிளைவீல் பக்கமும் ஒயில் கசிந்து தரையெல்லாம் வழுக்குகிறது. இரண்டு பக்கமும் ஒயில் சீல் மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். மாற்றலாமா ஐயா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வேண்டாம் தம்பி. அந்த பாஸ் லிஸ்டரைப் பிரித்துப் பார்த்தவராகத் தெரியவில்லை. லிஸ்டர் 6/1 இன் கிராங்க் தண்டில் (பிளைவீல்கள் மாட்டியிருக்கும் தண்டு) ரப்பர் சீலே கிடையாது. நிமிடத்துக்கு 650 சுற்றுத்தான் ஓடுகிற என்ஜின் அது. உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதனால்தான் ஒயில் வெளியே வராமல் நிற்கிறது. அந்தக் குறைவை உண்டாக்குவது பிரீதர், அதாவது என்ஜின் மூச்சு விடும் ஒருவழி வால்வு. பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விடும், ஏறும்போது உள்ளே விடாது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இடைவெளி கண்ட பக்கமெல்லாம் ஒயிலைத் தள்ளும். மிளகாய்த்தூளும் அரிசி மாவும் பறக்கிற மில்லில் அது அடைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

சோதிப்பது லேசு. என்ஜின் ஓடும்போது ஒயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி, ஒரு சொப்பிங் பேக் துண்டை அதன்மேல் விளிம்போடு அழுத்திப் பிடி. உள்ளே குழிந்தால் நல்லது. வெளியே உப்பினால் பிரீதரைக் கழற்று. உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் கறுப்பாகக் களி மாதிரி கரைந்து வரும். கழுவிய பிறகு என்ஜின் பக்கமிருந்து வாயால் ஊதிப் பார்: காற்று போக வேண்டும். உறிஞ்சினால் தகடு ஒட்டிக்கொண்டு வழி மறிக்க வேண்டும். தகடு வளைந்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதையெல்லாம் செய்தும் உப்புகிறதா? பிரீதரில் புகை விட்டு விட்டு வருகிறதா, கையால் சுற்றிக் கிளப்பவும் கஷ்டமா என்று பார். அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அது பெரிய வேலை. அதற்கு ஆள் வேண்டும்.

என்ஜினின் முன் மூடிக் கதவிலும் கசிவு இருந்தால், என்ஜினைத் துடைத்துவிட்டு வெள்ளை மாவைத் தூவி ஓட்டு (மில்காரனுக்கு மாவுக்கா பஞ்சம்!). நனைகிற இடங்களில் மிக மேலே இருப்பதுதான் ஊற்று, கீழே சொட்டுவது இல்லை. கதவுக்கு கேஸ்கெட் தேடி ஹட்டன், கண்டி என்று அலையாதே. தடித்த கடதாசியைக் கதவின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரம் ஓரமாகத் தட்டினால், தட்டிய இடத்திலேயே கடதாசி வெட்டுப்படும். இரு பக்கமும் கொஞ்சம் கிரீஸ் பூசி மூடு. சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு ஒயிலோடு சேர்ந்து சுற்றும்.

ஒயில் மட்டத்தையும் குறியோடு நிறுத்து. கசிகிறதே என்று கியர் ஒயில் ஊற்றாதே. மஸ்கெலியாக் குளிரில் காலையில் கிராங்கைச் சுற்றவே தோள் போய்விடும், அந்தத் தடித்த ஒயில் உள்ளே சரியாகத் தெறிக்கவும் செய்யாது. 30 ஆம் நம்பர் போதும்.

இன்னொன்று, பிளைவீலின் சாவி (அதைத் தண்டோடு இறுக்கும் ஆப்பு) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒயில் வழுக்கும் தரையில் சாரத்தோடு அதன் பக்கம் போகாதே.

கேள்வி: எங்கள் லேண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு மெஷின்) என்ஜின் ஒயில் ஊற்றாமலே மட்டம் கூடுகிறது. நல்லதுதானே?
– வாசகி, வெலிமடை

பதில்: நல்லதில்லை தங்கச்சி. ஒயில் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் அன்றைக்கு உழவை நிறுத்துங்கள். டீசல் பம்பிலிருந்தோ இன்ஜெக்டரிலிருந்தோ உள்ளே இறங்குகிறது. கலந்த ஒயில் தண்ணியாகிப் பேரிங்கைத் தின்னும். மட்டம் மிகவும் ஏறினால் என்ஜின் அந்த ஒயிலையே குடித்துத் தாறுமாறாக வேகம் எடுக்கும். டீசலை மூடினாலும் நிற்காது. அப்போது காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடையுங்கள், கையால் வேண்டாம்.