இனி விட்டு என்ன பயன்?

கேள்வி: வயது 50. முப்பது வருடமாக சிகரெட். காலையில் சளியோடு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கெட வேண்டியது கெட்டுவிட்டது, இனி விட்டு என்ன பயன்?

பதில்: இப்படி நினைத்தே பலர் விடாமல் இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சிதைந்த காற்றறைகள் திரும்ப வளராது, உண்மைதான். ஆனால் விட்டபிறகு நுரையீரல் தேயும் வேகம் குறையும். சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள், புகையில் முடங்கிக் கிடந்தவை, சில மாதங்களில் மறுபடி வேலை செய்யத் தொடங்கும் (முதலில் இருமல் கூடலாம், பயந்து பற்றவைத்துவிடாதீர்கள்). பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 6 ஆண்டு ஆயுள் கூடியது. 60-ல் விட்டவர்களுக்குக்கூட 3. சரி, இந்த வாரமே மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி சோதனை (குழாயில் ஊதவைத்து நுரையீரல் திறனை அளப்பது) செய்துகொள்ளுங்கள், நிகோடின் சூயிங்கம் உதவுமா என்றும் கேளுங்கள்.