கராஜில் கிடக்கும் பழைய துப்பாக்கி மருந்து டப்பாக்கள்: ஒகாயோ தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஒகாயோவுக்கு வந்து நான்கு மாதம், எச்1பி விசா, வாடகை வீடு என்று எழுதியிருந்தீர்கள். கராஜில் கிடப்பதை ஒதுக்கிவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். மறைந்த அவர் கணவர் பெஞ்ச்ரெஸ்ட் என்ற துப்பாக்கி சுடும் போட்டிகளில் சுட்டவர். அலமாரியில் ஏழெட்டு டப்பா துப்பாக்கி மருந்து. ஒன்றில் டூபாண்ட் கம்பெனி லேபிள், ஒன்றில் பேனாவால் ‘8208’ என்ற எண், ஒரு கண்ணாடி ஜாடியில் எழுத்தே இல்லை. எது என்ன மருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது, விற்றால் விலை போகுமா என்று கேட்கிறீர்கள்.

மருந்துக்கு முன்னால் விசாவைப் பேசிவிடுவோம். உங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு விலக்கு போன்றவை தனிக்கதை. நம் ஆட்கள் பலர் கவனிக்காதது என்னவென்றால், ‘தோட்டா’ என்று அந்தச் சட்டம் சொல்லும்போது காலிக் கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), குண்டு, உள்ளே போடும் மருந்து எல்லாமே அதில் சேர்த்தி. கையில் துப்பாக்கியே இல்லாவிட்டாலும் அந்த டப்பா உங்கள் பொருளாக ஆகிவிட்டால் சிக்கல்தான். அதனால் “இது உங்கள் கணவருடைய பொருள், நான் தொடவில்லை, எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்” என்று அந்த அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள். நானே கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன்.

அவர்தான் எனக்கு பெஞ்ச்ரெஸ்ட் சொல்லிக்கொடுத்தவர். கனமான மேசையில் மணல் பைகளின் மேல் துப்பாக்கியை வைத்து, 100 கஜத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே ஓட்டையில் விழ வைக்க முயல்வார்கள். ஐந்து ஓட்டைகளும் சேர்ந்த கூட்டத்தின் அகலத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். 1970களில் பால்மிசானோ, பிண்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பிபிசி தோட்டா வந்தபின் அதுதான் இந்த விளையாட்டில் கோலோச்சுகிறது. அந்தத் துல்லியத்தில் மருந்தின் ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) அடுத்த லாட்டுக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியும். நல்ல லாட் கிடைத்தால் வருஷக்கணக்கில் பதுக்கி வைப்பார்கள். பழைய 8208 என்ற மருந்துக்கும் டி-32 என்ற மருந்துக்கும் அப்படித்தான் பெயர். அந்த அம்மாவின் கணவரும் அப்படிச் சேர்த்தவராகத்தான் இருப்பார்.

ஆனால் அந்தப் பேனா எழுத்தை நம்ப முடியாது. பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றுவார்கள், மிச்சத்தைக் காலி டப்பாவில் கொட்டுவார்கள். லேபிள் டப்பாவுக்குத்தான் சாட்சி, உள்ளே இருப்பதற்கு இல்லை. கம்பெனிப் பெயரை வைத்து டப்பாவின் வயதை ஓரளவு சொல்லலாம்: ஹெர்குலிஸ் என்று இருந்தால் 1995க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருஷம் அது அலையண்ட் ஆனது. ஐஎம்ஆர் என்ற மருந்துப் பெயர் 2003இல் ஹாட்ஜ்டன் கம்பெனி கைக்குப் போனது. டூபாண்ட் என்றால் அதற்கெல்லாம் முந்தைய காலம்.

உள்ளே பார்த்தால்? நீளமான குச்சி மணி, உருண்டை, தட்டைச் சில்லு என்று வடிவம் தெரியும், அவ்வளவுதான். எரியும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் கறுப்பில் ஒரே மாதிரிக் குச்சி மணிகளாக இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மிக வேகமாக எரியலாம். பெயரே ஏமாற்றும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ மிச்சத்தை வாங்கி ஹாட்ஜ்டன் விற்ற 4831 என்ற மருந்தும் பிறகு டூபாண்ட் கொண்டுவந்த ஐஎம்ஆர் 4831ம் வேறு வேறு, பின்னது வேகமானது. முன்னதன் அளவைப் பின்னதில் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். இப்போது கடையில் கிடைக்கும் 8208 எக்ஸ்பிஆரையும் பழைய 8208 என்று நினைக்கக் கூடாது. இதனால்தான் விவரமான எந்தப் போட்டியாளரும் பேர் தெரியாத மருந்தைத் தன் துப்பாக்கியில் போடமாட்டார், எவ்வளவு அருமையான லாட் என்று சொன்னாலும்.

குன்னூர்க்காரர் என்றீர்கள், அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியைத் தெரிந்திருக்கும். அங்கே செய்த கார்டைட்டும் இதுவும் புகையில்லா மருந்து என்ற ஒரே குடும்பம். இவற்றில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற எரிபொருள் காலப்போக்கில் தானாகவே சிதையும். அதைத் தடுக்கக் கலக்கும் டைஃபினைலமைன் போன்ற பொருள் தீர்ந்துபோனால் சிதைவு வேகமெடுத்துச் சூடேறும், தானாகப் பற்றிக்கொள்ளவும் கூடும். நல்ல மருந்தில் ஈதர், ஸ்பிரிட் வாடை லேசாக வரும். கெட்டதில் அமிலம் போல மூக்கைக் குத்தும் நெடி, செம்பழுப்புத் தூசி, சில நேரம் பழுப்புப் புகை, டப்பாவின் உட்புறம் துரு. நீங்கள் மூடி திறந்து மோந்து பார்க்க வேண்டாம். வெளியிலேயே நெடியோ துருவோ தெரிந்தால் கராஜை விட்டு வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். எஃப்எஃப்எஃப்ஜி (FFFg) என்று எழுத்து இருந்தால் அது கரிமருந்து, ஒரு பொறி போதும், அதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றை அந்த அம்மா ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் சாதாரண எண்ணில் கேட்டு அப்புறப்படுத்தட்டும். அதுவரை வாட்டர் ஹீட்டர், வெயில் இரண்டையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது. உலோகப் பெட்டியில் இறுக்கிப் பூட்டவும் கூடாது. இந்த மருந்து டப்பாக்களே தீ பிடித்தால் எளிதில் வாய் திறக்கும்படி செய்திருப்பார்கள். இறுக்கி அடைத்தால்தான் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

இன்னொன்று. அதே அலமாரியில் நோட்டுப் புத்தகங்களும் ஓட்டை விழுந்த காகித டார்கெட்டுகளும் இருக்கும், பாருங்கள். காற்று, வெப்பம், லாட், மருந்தளவு எல்லாவற்றையும் ஒவ்வொரு போட்டிக்கும் குறித்து வைத்திருப்பார்கள். ஒகாயோவில் பெஞ்ச்ரெஸ்ட் சுடுகிறவர்கள் நிறைய. அந்தக் காகிதங்களைக் குப்பையில் போடாமல், அவர் கூடச் சுட்டவர்கள் யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டு அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். காகிதத்தைத் தொடுவதற்கு எந்த விசாவிலும் தடை இல்லை.